கைக்குட்டையில் முடிந்த பிளக்

இல்லை, முதலில் அழுகை வரவில்லை. பிளக் எங்கே என்றுதான் நினைத்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். பக்கத்து வீட்டு காசிம் பாய் போனில் கூப்பிட்டார். "ரஹ்மத் போயிட்டாம்மா. மில்லுலயே நெஞ்சு வலி. ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..." ரஹ்மத் அக்கா அவர் மனைவி. அக்காவின் மில் பைக்குள் எங்கள் உழவு மெஷினான டில்லரின் ஸ்பார்க் பிளக் இருக்கும். அந்த நேரத்தில் அந்த எண்ணம். இன்னும் வெட்கமாக இருக்கிறது.

மில்லில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைத் தெரியும். இந்த டில்லரைத் தெரியாது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஒரே காய்கறித் தோட்டம். ஒரு பாதியில் அவருடைய கத்தரி, மறுபாதியில் என் கொத்தவரை. நடுவில் சுவர் இல்லை. இருவரும் சேர்ந்து ஒரு சின்ன பெட்ரோல் டில்லர் வாங்கினோம். கைப்பிடியைப் பிடித்து நடந்தால் அடியில் கத்திகள் சுழன்று மண்ணைப் புரட்டும். அவர் வீட்டில் நிழல் இல்லாததால் என் கொட்டகையில் நின்றது.

முதல் நாள் மெஷினைத் தொடும் முன் அக்கா செருப்பைக் கழற்றினார். தோட்டம் முழுக்க வெறுங்காலில் நடந்தார். அரைச் செங்கல் ஒன்று, கம்பித் துண்டு ஒன்று காலில் தட்டின; பொறுக்கி ஓரமாகப் போட்டார். "மெஷின் கல்லைப் பாக்காதுட்டி. காலுதான் பாக்கும். மண்ணு சும்மா கெடக்குன்னு நம்பிராத."

பிறகு, போன வருடம் ஒரு வாரம். அக்கா ஊரில் இல்லை. வத்திராயிருப்பு மாமா டில்லரைக் கேட்டார். அக்காவிடம் கேட்காமல் கொடுத்தேன். ஒரு கத்தி வளைந்து திரும்பி வந்தது. மெஷினைக் கழுவினேன். கத்திகளின் உட்புறத்தை மறந்துவிட்டேன். ஊரிலிருந்து வந்த அக்கா குனிந்து, அங்கே ஒட்டியிருந்த காய்ந்த மண் சில்லை நகத்தால் பெயர்த்து விரலில் நசுக்கினார்.

"இது நம்ம மண்ணு இல்லையே."

"தெரியலக்கா."

"தெரியலயா. சரி, மண்ணே நடந்து வந்துருக்கும்."

அதற்கு மூன்றாம் நாள் கத்திகளில் அருகம்புல் சுற்றிக்கொண்டது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கத்திகள் நின்றிருந்தன. நான் கையை விட்டுப் புல்லை இழுத்தேன். அக்கா பின்னாலிருந்து வந்து என்ஜினை அணைத்தார். கத்தவில்லை.

"நின்னா நின்னுருச்சுன்னு அர்த்தமாட்டி? அதை நம்புன ஒருத்தி எங்க மில்லுல இப்ப இடது கையில சோறு திங்கா."

அன்று முதல் பிளக் கொட்டகையில் இல்லை. அது இல்லாமல் என்ஜின் கிளம்பாது. உழுது முடித்ததும் சூடு ஆறக் காத்திருப்பார். ஸ்பேனரால் பிளக்கைக் கழற்றுவார். துளையில் மண் விழாமல் துணிச் சுருளைத் திணிப்பார். பிளக்கைக் கைக்குட்டையில் முடிந்து மில் பைக்குள் போட்டுக்கொண்டு போவார்.

என் கைக்காக என்றால் பிளக்கின் ஒயரை உருவிவிட்டாலே போதும். பிளக்கையே தினமும் ராஜபாளையத்துக்குக் கொண்டுபோனால் நான் யாருக்கும் மெஷினைக் கொடுக்க முடியாது. என் கைக்கா, என் பொய்க்கா? இரண்டுக்கும் இடையில் மூன்றே நாள். கேட்கவில்லை. கேட்டால் வத்திராயிருப்பைச் சொல்ல வேண்டும். அதன்பின் அவர் சொன்ன எல்லாவற்றிலும் குத்தல் தேடினேன். அவர் கொடுத்த கத்தரிக்காய்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றிலும் சொத்தை இல்லை. அதையும் சந்தேகப்பட்டேன்.

அக்கா இறந்த மூன்றாம் நாள் துக்க வீட்டில் காசிம் பாய் கைக்குட்டையை நீட்டினார். "மில் பையில இருந்துச்சும்மா. உங்க மெஷினுதானே?" தலையாட்டினேன். "அவ எதையும் நம்ப மாட்டா. மிக்ஸியக் கழுவணும்னா கரண்டை அணைச்சு, ஒயரப் பிடுங்கி, அதையும் மடியில வச்சிக்கிடுவா." லேசாகச் சிரித்தார். அப்படியென்றால் பிளக்கைக் கொண்டுபோனது என் கைக்காகத்தான் போலிருக்கிறது.

பிறகு அவரே சொன்னார். "அந்த வளைஞ்ச கத்தியக்கூட அன்னைக்கே அவதான் அடிச்சு நிமித்துனா. வத்திராயிருப்புக் கல்லு எம்புட்டு கெட்டி, பாத்தீங்களான்னா."

அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வருடமாக. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அது மன்னிப்பா, நான் சொல்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்ததா? இனிக் கேட்க முடியாது.

அவரிடமிருந்து எனக்கு எஞ்சியது அன்பு என்று எழுதத்தான் ஆசை. அது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. உறுதியாக இருப்பவை இரண்டு. நின்றுவிட்டதை நம்பாத பழக்கம். உழும் முன் செருப்பைக் கழற்றும் பழக்கம்.

அடுத்த ஞாயிறு காலை, காய்ப்பு ஓய்ந்த அவருடைய கத்தரிச் செடிகளைப் பிடுங்கினேன். அவர் பாதியில் வெறுங்காலில் நடந்தேன். பிளக்கை மாட்டி உழுதேன். சூடு ஆறக் காத்திருந்தேன். கழற்றினேன். துளையில் துணியைத் திணித்தேன். பிளக்கைக் கைக்குட்டையில் முடிந்து காசிம் பாயிடம் கொடுத்தேன். வத்திராயிருப்புக்கு மெஷினைக் கொடுத்தது நான்தான், அக்கா கேட்டபோது தெரியாது என்றேன், இது உங்களிடமே இருக்கட்டும் என்று சொன்னேன்.