ஒயர் இல்லாத பெட்டிகள்

இரண்டாயிரங்களின் நடுவில், சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் அலுவலகத்தின் சென்ட்ரல் ஏசியைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. கட்டடம் முழுக்கக் கண்ணாடி. வெயிலை உள்ளே விட்டுவிட்டு, பிறகு அதைக் கரண்ட் செலவழித்து விரட்டலாம் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ! மாதாமாதம் வரும் பில்லில் பாதிக்கு மேல் அந்த ஏசிதான் தின்றது.

ஒரு கோடையில் மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார். பில் இறங்காவிட்டால் மூன்று ஏசி ஆபரேட்டர்களில் ஒருவரை நிறுத்திவிடுவோம் என்றார். யாரை என்று கேட்கத் தேவையில்லை. கடைசியாகச் சேர்ந்தவனைத்தான். மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வருவான். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. வாய்த்துடுக்கு அதிகம், ஆனால் கெட்டிக்காரன். அவனை அனுப்ப எனக்கு மனசே வரவில்லை.

இருபத்தொன்றில் ஓடிய ஏசியை இருபத்தைந்துக்கு ஏற்றினேன். ஆள் குறைவாக உட்காரும் மேற்கு மூலையில், கூரைக்குள் ஏறி, குளிர்காற்று வரும் தகட்டைப் பாதிக்கு மேல் மூடினேன். மறுநாளே போன் அடிக்க ஆரம்பித்தது. வேகுது என்று ஒரு மாடி, குளிருது என்று இன்னொரு மாடி. இரண்டு மாடிக்கும் ஒரே இருபத்தைந்துதான். தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

அவன்தான் வழி சொன்னான்.

"எல்லா மாடிலயும் குளுர ஏத்தி எறக்கத் திருகுற மாதிரி ஒரு பொட்டிய மாட்டு அண்ணாத்த. பின்னால ஒயரே வாணாம். அவங்க பாட்டுக்குத் திருகிகினு கெடக்கட்டும்."

மாட்டினோம். ஒரே வாரத்தில் போன் ஓய்ந்தது. இப்போதுதான் சரியாக இருக்கிறது என்று சிலர் பாராட்டினார்கள். நாங்கள் மெஷின் அறைக்குள் போய் வயிறு வலிக்கச் சிரித்தோம். பில் இறங்கியது, அவன் வேலையும் தப்பியது.

ஐந்தாறு வாரம் கழித்து ஒரு மாலை, மேற்கு மூலையில் உட்காரும் பெண் என் அறைக்கு வந்தார். நிறைமாதம். மறுநாளிலிருந்து பிரசவ லீவு.

"சார், உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றார். "மத்தியானம் வெயில் முகத்துல அடிக்குது, என்னால தாங்க முடியல. மத்தவங்களுக்குக் குளிருமேன்னு தெரிஞ்சும் தினமும் அந்தப் பெட்டியப் பதினெட்டுல வெச்சுட்டேன். வந்ததும் குறைச்சிடல சார், முடிஞ்சவரைக்கும் பொறுத்துப் பார்த்துட்டுத்தான் குறைச்சேன். என்னால உங்களுக்குக் கரண்ட் பில் ஏறியிருக்கும்."

அதெல்லாம் ஒன்றுமில்லை என்று ஏதோ உளறினேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுக் கிளம்பினார். கூனிக் குறுகிப்போனேன். பதினெட்டு எங்கே? நான் தகட்டை மூடியதில் இருபத்தைந்துகூட அந்த மூலைக்குப் போயிருக்காது.

மறுநாள் காலை வந்ததும் வராததுமாக ஏணியை எடுத்துக்கொண்டு மேற்கு மூலைக்குப் போனேன். ஏணியைப் பிடிக்க அவனைக் கூப்பிட்டேன். மேலே ஏறித் தகட்டை முழுக்கத் திறந்துவிட்டேன். குளிர்காற்று குபுகுபுவென்று இறங்கியது. அவன் கீழே காலி நாற்காலியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"அந்தம்மா நேத்தோட லீவுல பூட்ச்சே அண்ணாத்த. இப்ப தொறந்து யாருக்கு?"

"ஏணியை ஒழுங்காப் புடிடா" என்றேன்.