தார்ப்பாய் போர்த்திய மழைமானி

மழை வந்தபோது வீட்டில் அம்மா மட்டும்தான் இருந்தார். அப்பா லோடு ஏற்றப் போயிருந்தார், நான் அருப்புக்கோட்டை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஊர் ஊராக மழையை அளந்து அனுப்பும் தன்னார்வலர் திட்டத்தில் திருச்சுழிப் பக்கத்து எங்கள் ஊருக்கு நான்தான் ஆள். மாதக்கணக்கில் பூஜ்யமே அனுப்பியவனுக்கு இதுதான் முதல் மழை. வீடு வந்ததும் மாடிக்கு ஓடினால், மழைமானிக்கு மேல் தார்ப்பாய்! உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை.

"யாரும்மா இத மூடுனது?"

"நாந்தான். ஒம் படிப்புச் சாமான் நனஞ்சிருமேன்னு ஓடியாந்தேன்."

"அது நனையத்தாம்மா வச்சது!"

"அதச் சொல்லிட்டுப் போகணும்லய்யா. இருந்தது ஒரே தார்ப்பாயி. வாசல்ல காஞ்ச வத்தலக்கூட விட்டுட்டு இதுக்குப் போத்துனேன்."

கோபம் வடிந்துவிட்டது. அன்றைய மழையை அளக்கவில்லை என்றே அனுப்பினேன். இப்போது வேலைக்கு வெளியூர் வந்துவிட்டேன். எங்கே மழை பெய்தாலும் அம்மா மாடிப்படியில் ஓடுவதுதான் கண்ணில் நிற்கிறது. அந்த மழையில் எங்களுக்குப் போனது ஒரு மூட்டை மிளகாய் வத்தல்.