கழற்ற மறுத்த மாலை

கார்த்திகைக் குளிரில், விடியுமுன்னே தொட்டியிலிருந்து மொண்டு ஊற்றும் "பச்சத்தண்ணி" உச்சந்தலையில் விழுந்ததும் மூச்சு ஒரு கணம் நின்று, பல் கிட்டிக்கொண்டு, "சாமியே சரணம்" என்று வாய் தானாகக் கத்துமே, அந்தக் கத்தலில் பக்தி பாதி என்றால் நடுக்கம் பாதி. எண்பதுகளின் தொடக்கம், ஆரப்பாளையத்தில் குடியிருந்தோம், எனக்கு ஒன்பது வயது. பத்து வயதானால் பெண்பிள்ளை சபரிமலைக்குப் போக முடியாது என்பதால், "இந்த வருசத்த விட்டா அப்புறம் கிழவியாகித்தான்" என்று அப்பா எனக்கும் மாலை போட வைத்தார்.

அப்பாவுக்குக் கப்பலூரில் லேத் பட்டறையில் வேலை. தொழிலில் கெட்டிக்காரர். சாயங்காலம் குடித்துவிட்டு வந்தால் அம்மாவை அடிப்பார். இதை மென்று முழுங்கிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை, அடிப்பார், அம்புட்டுத்தான். ஆனால் மாலை கழுத்தில் ஏறிவிட்டால் ஆளே வேறு. மாலை போட்டவர்கள் எல்லோரும் சாமி, ஒரு சாமி இன்னொரு சாமியை அதட்டக்கூடாது, சாமி இருக்கும் வீட்டுக்குள் கவுச்சியும் குடியும் சண்டையும் நுழையக்கூடாது. "ஏ கழுத" என்றே என்னைக் கூப்பிட்டுப் பழகியவர், "சாமி, சாப்பிட்டீகளா?" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கொண்டு வந்தது.

காட்டு வழியான பெரிய பாதையில் நடந்து போனோம். கரிமலை ஏற்றத்தில், இருமுடி தலையில் இருக்க, வெறுங்கால் கல்லில் இடற, அப்பா திரும்பி நின்று, "ஏத்தம் மோசமா இருக்கு சாமி, கையப் பிடிச்சுக்கங்க" என்றார். அந்தக் கையை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. சாமி கும்பிட்டுவிட்டு மலை இறங்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது. ஊருக்குப் போனதும் மாலையைக் கழற்றிவிடுவார்களே!

எங்கள் குருசாமி தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்து ஒவ்வொருவராக மாலை கழற்றினார். அப்பாவுக்குக் கழற்றினார். என் முறை வந்ததும் நான் மாலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன சாமி?" என்றார் குருசாமி.

"நான் போட்டிருந்தா அப்பா குடிச்சிட்டு வீட்டுக்குள்ள வர முடியாதுல்ல? அம்மாவ அடிக்க முடியாதுல்ல?"

தெருவே நின்றிருந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா தரையைப் பார்த்தார். குருசாமி நீட்டிய கையை எடுத்துக்கொண்டு, "சாமியா கழட்டச் சொல்லட்டும், அப்பக் கழட்டிக்கிருவோம்" என்றார்.

மறுநாளே அப்பா குடித்தார். ஆனால் வாசற்படி ஏறவில்லை! சைக்கிள் கடை பெஞ்சில் படுத்துக்கொண்டார். கேட்டவர்களிடம், "உள்ள சாமி இருக்குல்ல" என்றாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை. விரதத்தை விடாமல் பச்சத்தண்ணியில் குளித்துக்கொண்டே இருந்தேன். மார்கழிப் பனி சும்மா விடுமா? பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. அம்மாவே மாலையைக் கழற்றிச் சாமி படத்தில் மாட்டினாள். நான் கத்தி அழுதேன். "நீ காவல் காத்தது போதும்டி" என்றாள்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்துக்கு அப்பா தள்ளாடி வந்தார். மாலை கழற்றிய சேதி எப்படியோ எட்டியிருந்தது. படியில் ஒரு காலை வைத்துவிட்டார். அம்மா வாசலை மறித்து நின்றாள்.

"மாலை இருந்தாத்தேன் வெளிய நிப்பீகளோ? நான் இருக்கேன்னு நிக்க மாட்டீகளா?"

அப்பா கையை ஓங்கினார். அம்மா நகரவில்லை. ஓங்கிய கை அப்படியே இறங்கியது. திரும்பிப் பெஞ்சுக்குப் போய்விட்டார்.

அவர் திருந்திவிட்டார் என்று சொன்னால் அது கதை. குடித்தார், கடைசிவரை குடித்தார். ஆனால் குடித்த நாளில் வாசலுக்கு வெளியேதான். அம்மா வைத்த சட்டம் அது. அதைத் தாண்ட அவருக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது மூன்று நாள் மாலை போட்டு, ஹீட்டர் வெந்நீரில் குளித்து, ஏசி வேனில் மலைக்குப் போய் வந்துவிடுகிறார்கள். குருசாமியும் இல்லை, அப்பாவும் இல்லை. அம்மா என்னோடு இருக்கிறாள். முன்பெல்லாம் எங்கே என்ன சத்தம் கேட்டாலும் அவள் கை தானாக எழுந்து முகத்தை மறைத்துக்கொள்ளும். அந்த வழக்கம் எந்த வருடம் போனதென்று எனக்குத் தெரியாது. போன வாரம் அடுப்படியில் எவர்சில்வர் அண்டா ஒன்று என் கை தவறி, வீடே அதிர விழுந்தது. பூத் தொடுத்துக்கொண்டிருந்த அம்மா தலையைக்கூடத் திருப்பவில்லை.

"ஒடுங்கிருச்சா பாருடி" என்றாள்.