உப்புக்குள் வைத்த டிரம்பெட்

இன்று மரக்காணத்தில் என் பேரைச் சொன்னால் போகிற உப்பு லாரியும் நிற்கும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். முப்பதைத் தாண்டியதுமே ஊர் என்னைப் பெரியவர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. யாரும் தூக்கிவிடவில்லை, நானே ஏறி வந்தேன். ஆனால் வாசல் வரைக்கும் வந்த வண்டியில் ஏறாமல் நின்ற ஒருவரைச் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன். என் தாய்மாமன்.

பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிப்பவர். மாப்பிள்ளை ஊர்வலத்தில் அவர் ஊதினால் குதிரைகூட நின்று கேட்கும். ஆனால் ஊர்வலம் பாதி வழியில் இருக்கும்போதே ஆள் காணாமல் போய்விடுவார். கீழ்புத்துப்பட்டைத் தாண்டினால் பாண்டிச் சாராயக் கடைதானே. ஒரு தடவை பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு வாசலில் நிற்க, மாமா டிரம்பெட்டைக் கடையில் அடகு வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். விழுந்து கிடப்பவரைச் சைக்கிளில் சாய்த்துத் தள்ளி வருவது என் அம்மாவின் வேலை. கடைசியாக ரத்த வாந்தி எடுத்தபோது, இனிமேல் குடித்தால் இங்கே கொண்டுவரவே வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

சுனாமி வந்த மறு வருஷம் சென்னை இசைக்குழுக்காரர் ஒருவர் ஒரு கல்யாணத்தில் மாமா ஊதியதைக் கேட்டார். மழை விட்டதும் வேனோடு வருவதாகவும், தினமும் மேடை, வெளிநாடுகூட உண்டு என்றும் சொல்லிவிட்டுப் போனார். "அங்க விழுந்து கெடந்தா யாரு சைக்கிள்ல தள்ளிட்டு வர்றது?" என்றாள் அம்மா. அன்றைக்கே மாமா டிரம்பெட்டை அம்மாவிடம் நீட்டினார்.

"என் கையில இருந்தா கடைக்குப் போயிடும்க்கா. வேன் வர்ற அன்னிக்குக் குடு."

அம்மா அதைப் பழைய புடவையில் சுற்றி, தான் வேலை செய்யும் உப்பளத்தில் மழைக்காகக் கீற்று போட்டு மூடியிருந்த உப்புக் குவியலுக்குள் புதைத்தாள். "உப்புல போட்ட மீனே கெடல, இது கெடுமா? எங்கயும் உளறாதடா" என்றாள் என்னிடம். பிறகு வழக்கம்போல உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டாள். ஒரு நாள் விட்டாலும் உப்புக் காற்று அதைத் தின்றுவிடும் என்பாள்.

அந்த மழைக்காலம் முழுக்க மாமா குடிக்கவில்லை. உட்காரவும் இல்லை. உப்பள வரப்பில் போவார், வருவார். சாப்பாட்டுத் தட்டில், தொடையில், என் தலையில் எல்லாம் மூன்று விரல்களால் தட்டிக்கொண்டே இருப்பார். ரோட்டில் ஹாரன் கேட்டால் போதும், சோற்றுக் கையோடு ஓடுவார்.

"வேன் எப்படா வரும்?" என்று என்னைப் பிடித்து உலுக்குவார், நான்தான் டிரைவர் மாதிரி.

ஒரு காலையில் வந்தேவிட்டது. மாமா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு நின்றார்.

"ஒண்ணு ஊதிக் காட்டுப்பா, நம்ம பசங்க கேக்கட்டும்" என்றார் இசைக்குழுக்காரர்.

அம்மா குவியலைத் தோண்டி எடுத்து வந்தாள். டிரம்பெட் முழுக்கப் பச்சைக் களிம்பு. பொத்தான் மூன்றும் அழுத்தினால் இறங்கவில்லை. மாமா ஊதினார். கிழட்டு ஆடு இருமுகிற சத்தம்தான் வந்தது.

"உன்னைப் பத்தி ஊர்ல சொன்னது சரியாத்தான் இருக்குது. வாத்தியத்தையே காப்பாத்தத் தெரியாதவன் மேடைக்கு நேரத்துல எங்க வரப் போற?" என்றார் இசைக்குழுக்காரர்.

அக்காதான் வைத்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாமா சொல்லவில்லை. வேன் திரும்பிப் போனது. மாமா அம்மாவையே பார்த்தார்.

"அக்கா, நீ எத்தினி வருசமா உப்பளத்துல வேலை செய்யிற?"

"தெரியாத மாதிரி கேக்குற. பொறந்ததுலேர்ந்துதான்."

சொல்லிவிட்டு அம்மா சைக்கிளிடம் போனாள். எண்ணெய் செயினில் விழாமல் மண்ணில் கொட்டியது. மாமா சிரித்தார். இத்தனை நாள் குடிக்காமல் இருந்ததில் மாமாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்து, நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.