அடிபட்டால் சொல்லிவிடும் சக்கரம்

"அந்த ரிம்மை வெச்சுட்டு மெயின்லேண்டு மலைக்குப் போனீன்னா, பாதி மேட்டுல சைக்கிளைத் தோள்ல போட்டுட்டு நடந்துதான் வரோணும் கண்ணு" என்றார் அக்கா.

வண்டூர் சாலையோரம் என் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தபடி சொன்னார். ஸ்போக்ஸ் கம்பி நுழையும் துளையைச் சுற்றித் தலைமயிர் அளவுக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. உப்புக் காற்றில் வெள்ளைப் பொடி பூத்துப்போன பழைய அலுமினிய ரிம் அது. அந்த ஆண்டு மெயின்லேண்டில், கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெருநிலத்தில், நடக்கவிருந்த மலைப்பாதை சைக்கிள் பந்தயத்துக்கு நான் பெயர் கொடுத்திருந்தேன். தீவிலிருந்து போகிறவள் நான் ஒருத்திதான். ரிம் தாங்காது என்று எனக்கும் தெரியும். ஆனால் அதை இன்னொருவர் வாயால் கேட்டபோது சுருக்கென்றிருந்தது.

அக்கா என்று கூப்பிட்டேனே தவிர உறவு கிடையாது. கோயம்புத்தூர்க்காரர். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் என்ஜினியர். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நான் எழுத்தர். போர்ட் பிளேருக்கு மாற்றலாகி வந்தபோது கட்டில், பீரோ எதையும் கொண்டுவராமல் கப்பலில் சைக்கிளை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தவர். மண்பாதையில் மலை சைக்கிள் ஓட்டும் பெண்கள் எனக்குத் தெரிந்து நாங்கள் இரண்டு பேர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் முன்னால் போவார், நான் பின்னால். ஏற்றத்தில் மட்டும் நான் முன்னால் போய்விடுவேன். அப்போது அவர் பின்னாலிருந்து ஏதாவது திட்டுவார். அதைக் கேட்பதற்காகவே இன்னும் கொஞ்சம் மிதிப்பேன்.

"என்னோட சக்கரத்தை எடுத்துக்கோ. கார்பன். எனக்கு இனி வேண்டியதில்லை" என்றார் அக்கா. பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக, "மாத்தல் வந்துருச்சு" என்றார்.

எங்கள் ஊரில் மாற்றல் என்றால் விற்பனை. கப்பலில் ஏற்றிப் போவது வீண் என்று, போகிற அதிகாரிகள் ஃபிரிட்ஜிலிருந்து துணி காயப்போடும் கம்பி வரைக்கும் விற்றுவிட்டுப் போவார்கள். ஒரு குவார்ட்டர்ஸ் வாசலில் சாமான்களைப் பார்த்தால், அந்த வீட்டில் யாரோ கிளம்புகிறார்கள் என்று அர்த்தம். தீவில் பாதி வீடுகள் இப்படிப் போனவர்களின் கட்டிலில்தான் தூங்குகின்றன. என் சைக்கிளும் அப்படி வந்ததுதான், என் சம்பளத்தில் வாங்கியது. எனவே வாங்குவதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அக்கா விற்கவில்லை, கொடுக்கிறேன் என்றார்.

"விலை சொல்லுங்கக்கா, எடுத்துக்கறேன்."

"அடி போடி. உனக்கு வித்துட்டுப் போயி நான் பங்களா கட்டப் போறேனாக்கும்."

"அப்ப வேணாம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு விளக்கத் தோன்றவில்லை. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்தவள் நான். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். சுனாமியில் கடல் ஊருக்குள் ஏறி வந்த பிறகு தகரக் கொட்டகையில் இருந்தபோது, மெயின்லேண்டிலிருந்து துணி வந்து குவியும். யாரோ போட்டுக் கழித்த துணி. எனக்கு வந்தது ஒரு கம்பளி ஸ்வெட்டர். அந்த வெக்கையில் அதை என்ன செய்வது? அம்மா அதைக் கிழித்துச் சோற்றுப் பானை இறக்கும் பிடித்துணியாக்கினாள். அதன் கழுத்துப் பட்டையில் இன்னொரு பெண்ணின் பெயர் நூலால் தைத்திருந்தது. அன்றிலிருந்து இனாமாக வரும் எதன் மேலும் என் கண்ணுக்கு அந்தப் பெயர் தெரியும்.

"சரி, வெச்சுக்க வேண்டாம். நான் கிளம்பற வரைக்கும் ஓட்டிப் பாரு. ஓட்டிப் பாத்துட்டு வேண்டாம்னு சொல்லு" என்றார் அக்கா. அதை என்னால் மறுக்க முடியவில்லை. எனக்கும் ஆசை இருந்தது.

சனிக்கிழமை மதியம் அபர்டீன் பஜாரில் நெட் சென்டரில் உட்கார்ந்து படித்தேன். கார்பனா அலுமினியமா என்று உலகம் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கார்பன் லேசு, ஏற்றத்தில் உடனே எழும், மிதித்த மிதி வீணாகாது. அலுமினியம் கனம், ஆனால் நெளிந்தால் நிமிர்த்தலாம். கார்பன் உடைந்தால் உடைந்ததுதான். ஒருவர் எழுதுவதை அடுத்தவர் கேலி செய்திருந்தார். யாருக்கும் எங்கள் நெட்டின் வேகம் தெரியாது. ஒரு கார்பன் சக்கரத்தின் படம் மேலிருந்து கீழாக, கறுப்பு வில் போல, அங்குலம் அங்குலமாக இறங்கியது. பாதி வந்ததும் கரண்ட் போய்விட்டது.

வீட்டில் கேட்டால் என்ன கிடைக்குமென்று தெரிந்தும், என் அலுமினியச் சக்கரத்தையும் அக்காவின் கார்பன் சக்கரத்தையும் அம்மா அப்பா முன்னால் வைத்தேன்.

"சக்கரம்னா உருளணும் புள்ள. அதுக்கு மேல என்னா இருக்கு?" என்றார் அப்பா. ஒன்றைத் தட்டி உருட்டினார், அது வாசல் வரை போய் விழுந்தது. "உருளுது" என்றார். அவருடைய பரிசோதனை முடிந்தது.

அம்மாவுக்கு வேறு கணக்கு. கடல் வந்த நாளிலிருந்து, தனியாளாகத் தூக்க முடியாத எதையும் அவள் வீட்டுக்குள் விட்டதில்லை. நான் வாங்க நினைத்த ஸ்டீல் பீரோவை அதனால்தான் வாசலோடு திருப்பி அனுப்பினாள். கார்பன் சக்கரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தவள் முகம் மலர்ந்தாள்.

"இதுதான் நல்லது. எடுத்துக்கிட்டு ஓடலாம்."

"சைக்கிள் இருந்தா ஏம்மா தூக்கிக்கிட்டு ஓடணும்? ஏறி ஓட்டிட மாட்டேனா?"

"கடலு வர்றப்ப ரோட்டுலயா ஓடுவ? காட்டு மேட்டுல ஏறணும். அங்க எப்புடி ஓட்டுவ, படிச்ச புள்ள?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை. நாங்கள் மூவரும் அன்று ஓடியது ரப்பர் மேட்டில்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா சாமான் கட்டிக்கொண்டிருந்ததால் நான் தனியாகப் போனேன். கார்பன் சக்கரம் போட்டு முதன்முறை ஏறியபோது, பொய் சொல்ல மாட்டேன், யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போலிருந்தது. சக்கரத்தின் ஓசையே வேறு. அலுமினியம் சலசலவென்று பேசிக்கொண்டே வரும். இது உள்ளுக்குள் முனகியது. பாக்குத் தோப்புகளுக்கு மேலே சாலை முடிகிற இடம் வரை ஒரே மூச்சில் ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் திட்டவில்லை.

இறங்கும்போது மண்பாதையில், காய்ந்த இலைகளுக்கு அடியில் கிடந்த கல் ஒன்று பின்சக்கரத்தில் அடித்தது. ஒரே ஒரு 'டக்'. நான் விழவில்லை. டயரும் இறங்கவில்லை. ஆனாலும் நிறுத்தினேன்.

ரிம்மைச் சுற்றி விரலால் தடவினேன். அடிபட்ட இடத்தில் செம்மண் தீற்றல் மட்டும் இருந்தது. துடைத்ததும் அதுவும் இல்லை. அலுமினியமாக இருந்தால் ஒரு குழி விழுந்திருக்கும், கண்ணுக்குத் தெரியும், இவ்வளவுதான் என்று தெரிந்துவிடும். கார்பன் வெளியே வழவழவென்றிருக்க உள்ளே கீறியிருக்கலாம் என்று படித்திருந்தேன். காசால் தட்டினால் நல்ல இடம் கணீரென்றும் கெட்ட இடம் மந்தமாகவும் கேட்குமாம். பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்துச் சுற்றிலும் தட்டினேன். சில்வண்டுகள் காதை அடைத்தன. எல்லா இடமும் ஒரே மாதிரி கேட்டது. மறுபடி தட்டினால் எல்லா இடமும் வேறு வேறு மாதிரி கேட்டது.

ஸ்கூட்டரில் வந்த ஒருவர் நிறுத்தி, "க்யா ஹுவா? பஞ்சர்?" என்று இந்தியில் என்ன ஆயிற்றென்று விசாரித்தார்.

"நஹீ பையா, குச் நஹீ" என்றேன், ஒன்றுமில்லையென்று. அவர் காசையும் சக்கரத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்த பிறகு, பாதையில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். கேட்க ஆளில்லாமல் ஒரு சக்கரத்திடம் கேட்டுக்கொண்டு. பந்தயத்தில் கார்பனில் வருகிறவர்களுக்கு மலையடிவாரத்தில் யாராவது இன்னொரு சக்கரத்தோடு நிற்பார்கள். ஒன்று போனால் ஒன்று. எனக்கு அங்கே யார் நிற்கப் போகிறார்கள்? இப்போது உட்கார்ந்திருப்பது போலத்தான் அங்கேயும் ஒரு வளைவில் உட்கார்ந்திருப்பேன். ஏறி இறங்கலாமா கூடாதா என்று தெரியாமல். அப்படி உட்காருவதற்கு நான் கப்பலேற வேண்டியதில்லை.

சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே தார்ச்சாலை வரை வந்து பஸ்ஸுக்கு நின்றேன்.

அக்காவின் குவார்ட்டர்ஸில் பாதி சாமான் போயிருந்தது. பேசினால் எதிரொலித்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் சக்கரத்தை டியூப் லைட்டுக்குக் கீழே வைத்து, டயரைக் கழற்றி, உள்ளும் புறமும் வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகலை கண்ணு. சும்மா பயந்துட்டே."

"இருக்கலாம்க்கா. ஆனா எனக்கு வேணாம்."

"அதான் ஒண்ணும் ஆகலைங்கறனே. இனாம்னுதானே இந்த வீம்பு?"

"முதல்ல அதான். இப்ப அது இல்ல. நீங்க பாத்துச் சொல்றவரைக்கும் எனக்குத் தெரியலையேக்கா. அங்க நீங்க இருக்க மாட்டீங்க. இனிமே இங்கயும் இருக்க மாட்டீங்க."

அவர் டயரைத் திரும்ப மாட்டத் தொடங்கினார். ஒரு பக்கம் ஏறியதும் மறுபக்கம் நழுவியது. நான் பிடித்துக்கொண்டேன்.

"அப்பறம் நான் உனக்கு என்னதான் பண்ணோணும்?" என்றார், என்னைப் பார்க்காமல்.

எங்கள் தீவில் மெயின்லேண்டு போகிற எல்லாரிடமும் எதையாவது வாங்கி அனுப்பச் சொல்வது வழக்கம். ஆனால் காசை முன்னாலேயே கையில் திணித்து, இன்ன நிறம், இன்ன அளவு என்று உரிமையோடு நச்சரிப்பது சொந்தக்காரர்களிடம் மட்டும்தான். நான் அதுவரை யாரையும் நச்சரித்ததில்லை.

"கோயம்புத்தூர்ல நல்ல அலுமினிய ரிம் ரெண்டு வாங்குங்க. காசு இப்பவே தர்றேன். கறுப்புதான் வேணும், வெள்ளி வேணாம். வர்ற ஆள்கிட்ட குடுத்து விடுங்க. லேட் பண்ணிடாதீங்க."

"அட, அதிகாரத்தைப் பாரு" என்றார் அக்கா. மூக்கை உறிஞ்சிவிட்டுச் சிரித்தார். காசை வாங்கி எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் போன கப்பலை வழியனுப்ப நான் போகவில்லை. அலுவலகத்தில் வேலை இருந்தது என்று சொன்னேன். வேலை இருந்தது உண்மைதான்.

ரிம்கள் வந்தன. யாரோ ஒருவரின் மைத்துனர் கப்பலில் கொண்டுவந்தார், அக்காவின் பழைய பருத்திச் சேலையில் சுற்றி. கறுப்பு நிறம். பஜார் கடைக்காரர் என் பழைய சக்கரத்தின் நடு ஹப்பில் கம்பி கோத்துத் தந்தார். பெண்டு எடுப்பதை மட்டும் நானே செய்கிறேன் என்று கம்பி திருகும் சாவியை வாங்கிக்கொண்டேன். கம்பியைக் கால் திருகு இறுக்கினால் ரிம் இந்தப் பக்கம் வரும், எதிர்க் கம்பியை இறுக்கினால் அந்தப் பக்கம் போகும். பழகிய பிறகு, வெறும் விரல் நகத்தை ஓரத்தில் வைத்தே எங்கே கோணுகிறதென்று தெரிந்துகொண்டேன்.

பிறகு அதே பாதைக்குத் தனியாகப் போனேன். ஏற்றம் முன்பு போலவே கனமாக இருந்தது. இறக்கத்தில் அந்தக் கல் கிடந்தது. விலகிப் போயிருக்கலாம். நேரே விட்டேன். 'டக்'. இறங்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு சின்னக் குழி, கட்டைவிரல் நகம் பதிந்தது போல. இவ்வளவுதான். இரண்டு கம்பியை இறுக்கி, சுற்றிவிட்டுப் பார்த்து, ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்காவுக்கு போன் செய்யலாமென்று நினைத்தேன். செய்யவில்லை.

பந்தயத்துக்கு நான் கப்பலேறும் நாளில் அம்மாவும் அப்பாவும் கப்பல்துறை ஜெட்டிக்கு வந்தார்கள். சைக்கிளைப் பிரித்துச் சாக்கில் கட்டியிருந்தேன். சக்கரங்கள் மட்டும் தனியாக, அக்காவின் சேலையில். அம்மா அந்த மூட்டையை வாங்கி ஒருமுறை தூக்கிப் பார்த்தாள்.

"கனந்தான்" என்றாள். இன்னொரு முறை தூக்கினாள். "ஆனா தூக்கலாம்."

நான் அதைத் தோளில் மாட்டிக்கொண்டேன். சங்கு ஊதியபோது கப்பல் ஏணியின் பாதியில் இருந்தேன்.