குணவதியின் நெடுங்கரை

மலேசியாவில் லூனாஸ் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசை குணவதிக்கு. ஒன்பது வருடமாக அவள் ஒரு நாட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். பெயர் நெடுங்கரை. எந்த வரைபடத்திலும் கிடையாது; அவள் எழுதும் நாவலில்தான் இருக்கிறது.

குறிப்புகள் நான்கு ரொட்டி டின்களில் இருக்கின்றன. ஆறு, சாப்பாடு, சட்டம், அன்றாடம் என்று மூடிகளில் எழுதி ஒட்டியிருக்கிறாள். பழைய பெட்டிகளை வெட்டிய அட்டைகள்; அட்டைக்கு ஒரு விஷயம், மூலையில் அத்தியாய எண். பைத்தியம் முற்றிவிட்டது என்று வீட்டிலேயே பேசினார்கள். பேசட்டும், வாய் வலித்தால் நிறுத்துவார்கள்.

நாவலைச் சுங்கைப் பட்டாணியில் புத்தகம் போடும் சத்தியசீலனிடம் கொடுத்தாள். ஒரு மாதம் கழித்து இருவரும் போய்க் கேட்டோம்.

"இந்த நாட்டத் தூக்கிருங்க. எஸ்டேட் கதையா மாத்துனா உடனே போட்டுரலாம். நமக்குத் தெரிஞ்சத எழுதணும் லா," என்றார்.

"ஏண்ணே, நாங்கெல்லாம் நாடு கட்டக்கூடாதா?" என்றாள் குணவதி.

அவர் சிரித்துக்கொண்டே மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துக் காட்டினார். "நீங்க கட்டுனதே எஸ்டேட்தானம்மா. இருட்டுல எந்திரிச்சு, வரிசையா நின்னு, பேர் கூப்பிட்டதும் வேலைக்குப் போறாங்க. இது பெரட்டு இல்லாம என்ன? அங்க ரப்பர் மரமே கிடையாதே!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மனிதர் சொன்னது சரி. தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டைத் தன் நாட்டிலும் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். அது அவளுக்கே தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அன்றாடம் டின்னைத் தரையில் கொட்டினோம். பதினேழு அட்டைகளில் சனங்கள் இருட்டில் நின்றார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைகூட நிற்கிறான். குணவதி முதலில் அழுதாள், பிறகு பதினேழையும் கிழித்தாள். சட்டம் டின்னுக்குப் புதிதாக ஓர் அட்டை எழுதினாள்: நெடுங்கரையில் யாரும் யாரையும் எழுப்பக்கூடாது. அதற்கேற்ப அத்தியாயங்களைத் திருத்த நான்கு மாதம் பிடித்தது.

சத்தியசீலன் புதிய பக்கங்களைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மறுபடியும் நாடுதானா? எஸ்டேட்டா இருந்தாதான் போடுவேன்."

"அப்பக் குடுங்கண்ணே, நான் வேற ஆளப் பாக்குறேன்."

"எதுக்கும்மா இவ்வளவு பிடிவாதம்?"

குணவதி தாள்களை வாங்கிக் கட்டினாள். "எங்கம்மா முப்பத்தொரு வருஷம் பெரட்டுல நின்னாங்க. வேலைய விட்டப்புறமும் நாலு மணிக்கு எந்திரிச்சு உக்காந்திருப்பாங்க. சாகுற வரைக்கும் அப்படித்தான். என் நாட்டுல அவங்க தூங்குறாங்க. உங்களுக்காக நான் எழுப்ப மாட்டேன்."