ஐஸ் வாங்கப் போன நேரத்தில்

என் அத்தை ஸ்பெயின் நாட்டவர் ஒருவரை மணந்து எங்கள் நகரின் இன்னொரு பகுதியான தாமுவேயில் குடியேறியபோது, அவரைக் குறிப்பிட அப்பா ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்: "அந்த ஆள்." தங்கையின் கணவரை மாப்பிள்ளை என்று அழைப்பதே எங்கள் குடும்பத்து முறை. அந்த முறைச்சொல்லை அப்பாவின் வாயிலிருந்து ஒருமுறையேனும் கேட்டுவிட வேண்டும் என்று அத்தை ஏங்கிக்கொண்டிருந்தார். எனக்கு எட்டு வயதான கோடை விடுமுறையில், அப்பா முதன்முறையாக அவர்கள் வீட்டில் சாப்பிட இசைந்தார்.

உதவிக்கென்று அம்மாவும் நானும் பசுந்தாங்கில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து காலையிலேயே போய்விட்டோம். மாமா என்னைச் சந்தைக்கு அழைத்துச் சென்றார். அவர்கள் வீட்டில் அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கே வாங்குவார்கள். வாங்குவதும் சமைப்பதும் மாமாவின் பொறுப்பு. அப்பாவின் பார்வையில் அதுவே முதல் குற்றம்.

மாமா ஒவ்வொரு தக்காளியையும் மூக்கருகே கொண்டுபோய்க் கண்களை மூடிக்கொண்டார். கடைக்கார அம்மாள் பர்மியத்தில், "சீக்கிரம் எடு தம்பி, பொண்ணு பார்க்க வந்தவன்கூட இவ்வளவு நேரம் எடுக்கமாட்டான்" என்றார். மாமா சிரித்துக்கொண்டே அடுத்த தக்காளியை முகர்ந்தார்.

வீடு திரும்பியதும் தக்காளி, வெள்ளரி, பூண்டு ஆகியவற்றை முந்தைய நாள் ரொட்டியோடு அரைத்தார். வினிகரும் உப்பும் சேர்த்து, சிறிய புட்டியிலிருந்து ஆலிவ் எண்ணெயை மருந்துபோல் ஊற்றிக் கலக்கி, பானையோடு குளிர்பெட்டிக்குள் வைத்தார். அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை. அம்மா அனைத்தையும் கவனித்துக்கொண்டிருந்தார்.

நண்பகலில் மின்சாரம் போயிற்று. அப்பாவை அழைத்துவர அத்தை ஏற்கெனவே பேருந்து நிறுத்தத்திற்குப் போயிருந்தார். "அக்கா, நான் ஐஸ் வாங்கி வாரேன்" என்று மாமாவும் படியிறங்கி ஓடினார்.

அம்மா பானையைத் திறந்து முகர்ந்தார்.

"பாவம், கொதிக்கவைக்க மறந்துட்டாரு. பச்சைப் பூண்டு வாடை அடிக்குது. உங்கப்பா இதைக் குடிச்சா இனி இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டாரு."

அத்தையின் குடும்பத்தைக் காக்கும் உறுதியோடு அவர் அதில் தண்ணீர் சேர்த்து அடுப்பிலேற்றினார். கடுகு வெடித்தது, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் என்று தாளிப்பு முறையாக நிறைவேறியது.

சொட்டும் ஐஸ் பையோடு மாமா வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் அத்தையும் அப்பாவும் நின்றார்கள். மாமா பானையைப் பார்த்தார்; பிறகு அதிலிருந்து எழுந்த ஆவியைப் பார்த்தார்.

அம்மா அவரருகே சென்று, "கவலைப்படாதீங்க, நான் சரிபண்ணிட்டேன்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

அத்தை நாற்காலியைப் பற்றிக்கொண்டார். குளிரவே குடிக்க வேண்டிய அந்தச் சூப்புக்காக வாங்கிய ஐஸை மாமா தண்ணீர்க் கூஜாவில் போட்டார்.

அப்பா சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டார். மறுபடி கேட்டு வாங்கினார். பிறகு நிமிர்ந்து, "ரசம் யாரு வச்சது?" என்றார்.

அத்தையின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"நாந்தான்" என்றார் மாமா, மிகுந்த கவனத்தோடு. "எங்க அம்மா இப்படித்தான் வைப்பாங்க."

அப்பா அம்மாவை ஒருமுறை பார்த்தார். அம்மா எனக்குத் தண்ணீர் ஊற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

"நல்லாருக்கு, மாப்பிள்ளை" என்றார் அப்பா.

அத்தை எழுந்து சமையலறைக்குள் சென்று, முகம் கழுவிக்கொண்டு வந்தார். காரம் கூடிவிட்டது போலும் என்று நினைத்தேன்.

திரும்பும் பேருந்தில், அன்று நான் கற்ற செய்தியை அப்பாவிடம் சொன்னேன்: "ஸ்பெயின்லயும் ரசத்துக்குக் கடுகு தாளிப்பாங்களாம்ப்பா."

"கடுகு மட்டுமா? உங்கம்மா மாதிரியே கடைசில கூனி இறால் பொடியும்ல தூவுறாங்க" என்றார் அப்பா, முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல்.

அம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. பேருந்துதான் குலுக்குகிறது என்று எண்ணி, அத்தனை தொலைவில் அவர்களுக்குக் கூனி எப்படிக் கிடைக்கிறது என்ற யோசனையில் ஆழ்ந்தேன்.